சிங்கப்பூர்க் குடிமகனான தம்பிக்கு மேலூர் நஞ்சையில் பங்கு உண்டா?

கேள்வி (மேலூர்க்காரன்):
அப்பா சுயசம்பாத்தியத்தில் வாங்கிய நஞ்சை ஒன்று மேலூருக்கு அருகே, பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. அவர் உயில் எழுதாமலேயே காலமாகிவிட்டார். அம்மா, நான், தங்கை, தம்பி ஆகியோர் வாரிசுகள். தம்பி சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்று ஓசிஐ அட்டை (வேற்று நாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருக்கிறான். அவன் பெயரை வாரிசுச் சான்றிதழில் சேர்க்காமல் விட்டால் பட்டா விரைவில் மாறிவிடும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அவனோ என் பங்கையும் விலைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறான். சட்டப்படி எது சரி?

பதில் (பத்திர எழுத்தர், திருமங்கலம்):
தம்பிக்குப் பங்கு உண்டு. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள் எல்லோருக்கும் சமபங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு சேரும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வேற்று நாட்டுக் குடியுரிமை வாரிசுரிமையைப் பறிப்பதில்லை. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2019-இல் வந்த விதிகளும், ஓசிஐ அட்டைதாரர் எந்த அசையாச் சொத்தையும் வாரிசு வழியில் அடையலாம் என்றே சொல்கின்றன.

விலைக்கு வாங்குவதில்தான் தடை இருக்கிறது. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை அவர் கிரயம் பெறவோ, தானமாகப் பெறவோ முடியாது. ஆகவே உங்கள் பங்கைக் கிரயமாகவோ, விடுதலைப் பத்திரத்தின் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தின்) பெயரிலோ அவருக்கு மாற்றிக் கொடுப்பது வில்லங்கத்தை விலைக்கு வாங்குவதாகும். மாறாக, அவர் தம் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுக்கலாம், அல்லது இங்கே வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு விற்கலாம். ஒத்தக்கடைப் பக்கம் வீட்டுமனை வாங்க அவருக்குத் தடையில்லை. ஆனால் மனை என்று சொல்லிப் புஞ்சையை விற்பவர்கள் இருப்பதால், வருவாய்ப் பதிவேட்டில் நிலவகை என்னவென்று பார்த்துவிட்டே முன்பணம் கொடுக்க வேண்டும்.

பதில் (ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்):
ஊர்ப் பெரியவர்களின் யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். ஒரு வாரிசை மறைத்துப் பெறும் சான்றிதழ் பின்னாளில் ரத்தாகும். பட்டா மட்டும் உரிமையை உண்டாக்காது என்பதால், தம்பியோ அவருடைய பிள்ளைகளோ பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்தால், உங்களிடம் கிரயம் வாங்கியவரும் சேர்ந்தே நீதிமன்றத்துக்கு அலைவார். எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்குங்கள். பாகம் பிரிப்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

பதில் (சிங்கப்பூர்வாசி, பூர்விகம் உசிலம்பட்டி):
நானும் ஓசிஐ அட்டைதாரன். இந்த அட்டை ஆயுள் முழுவதும் விசா இல்லாமல் வந்துபோகும் வசதியைத் தருகிறது. மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட வரலாம், ஆனால் தேர்தலில் வாக்களிக்க முடியாது. இந்தியக் கடவுச்சீட்டை மாற்றாமல் வெளிநாட்டில் வேலை பார்ப்பவருக்கும் எங்களுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை ஊரில் பலர் அறிவதில்லை.

தம்பி நேரில் வர இயலாவிட்டால், அவர் சார்பில் கையெழுத்திட இங்குள்ள ஒருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுத்தால் போதும். அதை அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்னிலையிலோ கையெழுத்திட்டுச் சான்று பெற்று அனுப்ப வேண்டும். அந்தப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தத் தவறினால் அபராதமும் அலைச்சலும்தான். பங்கை விற்ற பணம் அவருடைய என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்துக்காக இங்குள்ள வங்கியில் வைக்கும் ரூபாய்க் கணக்கில்) சேர வேண்டும். அங்கிருந்து வரிச் சான்றுகளுடன் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே கொண்டுசெல்லலாம். மேலூர் நஞ்சையில் ஒரு பங்கை விற்பவருக்கு அந்த வரம்பு குறுக்கே வராது.