ஆன்லைன் டெஸ்ட் எழுதி 16 நாள் ஆச்சு, ஒரு பதிலும் இல்லை. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

புளியரைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் நாலு வருஷமாக டேட்டா அனலிஸ்ட். ஒரு கன்சல்டிங் கம்பெனிக்கு விண்ணப்பித்திருந்தேன், பெயர் வேண்டாம். ரெஸ்யூமே தேறி ஆன்லைன் டெஸ்டுக்கு லிங்க் வந்தது. ஹாஸ்டல் ரூமில் நாலு பேர், எப்போதும் சத்தம். அதனால் சனிக்கிழமை தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற எங்கள் ஊர் புளியரைக்கு வந்து எழுதினேன். வந்திருக்கவே கூடாது.

குற்றாலத்தில் சீசன் என்றால் எங்களுக்கும் சாரல்தான். பாதி டெஸ்டில் கரண்ட் போய்விட்டது. மோடமும் செத்தது. போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால், எங்கள் வீட்டில் போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. பக்கம் திரும்ப வருவதற்குள் கடிகாரம் மூன்று நிமிஷத்தைத் தின்றிருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. மறுநாள் பல் தேய்க்கும்போதுதான் ஒரு கேள்வி உறைத்தது. சந்தைப் பங்கு 20 சதவீதத்திலிருந்து 25 சதவீதம் ஆகிறது, எத்தனை சதவீத உயர்வு என்று கேட்டிருந்தார்கள். நான் 5 என்று போட்டேன். தினமும் ஆபீசில் இதே கணக்கைப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவள்!

இன்றோடு 16 நாள். போர்ட்டலில் 'பரிசீலனையில்' என்றே நிற்கிறது. அப்பாவுக்குச் செக்போஸ்ட் பக்கத்தில் டீக்கடை. அவர் சொல்லிவைத்ததில் லாரி டிரைவர்களுக்கெல்லாம் விஷயம் தெரியும். கொல்லத்துக்குக் காய்கறி ஏற்றிப் போகிற ஒரு சேட்டன், 'மோளே, ரிசல்ட் வந்நோ?' என்று போகும்போதும் கேட்கிறார், வரும்போதும் கேட்கிறார்.

இதற்கிடையில் என் மேனேஜர் ஒரு புதிய புராஜெக்டில் சேரச் சொல்கிறார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். கம்பெனிக்கு மெயில் போடலாமா, அது அவசரக்குடுக்கைத்தனமாகத் தெரியுமா? மேனேஜரிடம் என்ன சொல்வது?

கொழிஞ்சாம்பாறை:

தங்கச்சி, முதலில் அந்தக் கணக்கு. 25தான் சரி. கூடியது 5 சதவீதப் புள்ளி, ஆனால் உயர்வு 25 சதவீதம். உன்னைத் தேற்றுவதற்காக 5-ஐச் சரியென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கேள்வியில் சறுக்கியவர்களை எல்லாம் கழித்துவிட்டால் மிச்சம் ஆள் தேறாது.

ஆறு வருஷம் அந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நான் எழுதியது மெக்கின்சி என்ற கன்சல்டிங் கம்பெனியின் ஆன்லைன் டெஸ்ட், பெயர் சால்வ். அதில் ஒரு விளையாட்டில் 8 உயிரினங்களைப் பொறுக்கி உணவுச் சங்கிலி கட்ட வேண்டியிருந்தது. எது எதைத் தின்னும், எத்தனை கலோரி வேண்டும் என்று பார்த்து, எதுவும் பட்டினி கிடக்காமல் அமைக்க வேண்டியிருந்தது. முடித்ததும் மதிப்பெண் எதுவும் காட்டாது. விடையை மட்டும் பார்ப்பதில்லை, அந்த விடைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாய் என்பதையும் பார்க்கிறார்கள். என் சங்கிலியில் ஒரு மீன் பட்டினி என்றே நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். உன்னுடையது வேறு வகை டெஸ்ட். ஆனாலும் எழுதிய ஆளின் மதிப்பீட்டை நம்பக் கூடாது என்பது எதற்கும் பொருந்தும்.

டெஸ்டைத் தனியாக வைத்து முடிவெடுப்பதும் அபூர்வம், ரெஸ்யூமேயையும் சேர்த்தே பார்ப்பார்கள். அந்த ஆபீசில் எத்தனை இடம், இன்டர்வியூ எடுக்கிற பார்ட்னருக்கு எப்போது தேதி, இதெல்லாம் உன் கையில் இல்லாத காரணங்கள். போர்ட்டலில் உள்ள வரியை யாராவது ஒரு ஆள் உட்கார்ந்து மாற்றினால்தான் உண்டு.

மெயில் போடு, ஒன்றே ஒன்று. எந்தத் தேதியில் எழுதினாய், மாதக் கடைசிக்குள் நீ ஒரு முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்குள் நிலவரம் தெரியுமா, அவ்வளவு போதும். கரண்ட் போனதை அன்றைக்கே நேரம் குறித்து ஸ்கிரீன்ஷாட்டோடு சொல்லியிருக்க வேண்டும். இப்போது ஒரு வரியில் சொல், புலம்பாதே. மேனேஜரிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே. புராஜெக்ட் நல்லதென்றால் சரி சொல்லிவிடு. நாளைக்கே ஆஃபர் வந்தாலும் நோட்டீஸ் பீரியட் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

வாரம் இரண்டு நாள் யாருடனாவது கேஸ், அதாவது இன்டர்வியூவில் கொடுக்கிற மாதிரி ஒரு வணிகப் பிரச்சினை, பேசிப் பழகு. கூப்பிட்டால் அவகாசம் அதிகம் இருக்காது.

குமுளி ஏலக்காய்:

அண்ணன் சொன்னதில் மெயில் வரைக்கும் சரி. கேஸ் பிராக்டிஸ் எனக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு கேஸை முடிக்கும்போதும் 'இது எனக்குத் தேவைப்படுமா' என்றுதான் மண்டை ஓடியது.

நான் காத்திருந்தது 41 நாள், வேறு கம்பெனி. எடுக்கவில்லை. அதைவிட எரிச்சல், அந்த மெயில் வந்து ஐந்து நாள் ஸ்பேமில் கிடந்திருக்கிறது. அக்கா, முதலில் ஸ்பேமைப் பாருங்கள்.

நான் செய்தது இதுதான்: பகலில் போனில் மெயில் ஆப்பையே எடுத்துவிட்டேன். ராத்திரி 8 மணிக்கு லேப்டாப்பில் ஒரு தடவை மட்டும். மிச்ச நேரம் அப்பாவோடு ஏலக்காய் ஸ்டோரில். புற்றடியிலோ போடியிலோ ஏலத்துக்குச் சரக்கை அனுப்பிவிட்டால் அப்பா விலையைப் பற்றிப் பேசவே மாட்டார். மனசு அடித்துக்கொள்ளும், அது முகத்தில் தெரியும். ஆனால் வாயைத் திறக்க மாட்டார். எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செங்கோட்டை ரிட்டயர்டு:

ஏம்மா, 16 நாளா? 2010 செப்டம்பரில் நம்ம மீட்டர்கேஜ் லைனை நிறுத்தினார்கள். செங்கோட்டையில் ஏறி கொல்லம் வரை மறுபடி ரயிலில் போனது 2018 ஜூனில். இடையில் 'அடுத்த மாசம், அடுத்த மாசம்' என்று கேட்டே எனக்கு முடி நரைத்தது.

விளையாட்டுக்குச் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே. அப்பாவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவை, டிரைவர்களிடம் அறிவிப்பு வேண்டாம் என்று.

புளியரைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஸ்பேமைப் பார்த்தேன். மூன்று கடன் ஆஃபரும் ஒரு லாட்டரியும்தான்.

மெயில் அனுப்பிவிட்டேன், ஐந்து வரி. முதலில் எழுதியது இருபது வரி, அதில் சாரல்கூட இருந்தது. உடனே ஒரு தானியங்கி பதில் வந்தது, அதற்கே நெஞ்சு ஒரு தடவை குதித்தது. புராஜெக்டுக்குச் சரி சொல்லிவிட்டேன். கேஸ் பழக ஹாஸ்டலில் ஒரு தோழி கிடைத்திருக்கிறாள், அவளும் எங்கோ எழுதிவிட்டுக் காத்திருக்கிறவள்தான்.

ரயில் மாமா, அப்பாவிடம் சொன்னேன். 'நான் யார்கிட்டயும் சொல்லலையே' என்கிறார். இன்று காலை அந்தச் சேட்டன் எதுவும் கேட்கவில்லை, டீயைக் குடித்துக்கொண்டே என் முகத்தை மட்டும் பார்த்தார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ராத்திரி மறுபடி கரண்ட் போனது. போனில் 11 சதவீதம் சார்ஜ். போர்ட்டலைத் திறக்கவில்லை. சரி, ஒரு தடவை திறந்தேன்.