புதுப்பிப்பு: இரண்டு மடற்குழுக்களை ஒன்றாக்குவது

ஒரு மென்பொருள் திட்டத்தின் பயனர், நிரலர் மடற்குழுக்களை (மின்னஞ்சல் வழி உரையாடும் குழுக்களை) ஒன்றாக்கலாமா என்பதுதான் முதல் பதிவின் கேள்வி. இரண்டிலும் மடல் குறைவென்றால் தாராளமாக ஒன்றாக்கலாம். தானியங்கி கமிட் அறிவிப்புகள் (நிரலில் ஒவ்வொரு மாற்றம் பதிவாகும்போதும் தானாக வரும் மடல்கள்) மட்டும் தனியாகவே இருக்கட்டும். அவை உள்ளே வந்தால் பாதிப் பேர் சத்தமில்லாமல் கழன்றுகொள்வார்கள்.

மடற்குழுக்களை நடத்தும் மென்பொருளான மெயில்மேன் 2.1-இல் சறுக்கும் இடம் உறுப்பினர் மாற்றம். முகவரிகளை மொத்தமாக எடுத்துப் புதிய குழுவில் கொட்டினால், டைஜஸ்ட் (பல மடல்களின் தொகுப்பு) வாங்குபவர்களுக்கும் மடல்களை நிறுத்திவைத்தவர்களுக்கும்கூட ஒவ்வொரு மடலாகப் பாயத் தொடங்கும். அந்த இரு வகையினரையும் தனிக் கோப்புகளில் எடுத்து, அதே அமைப்போடு சேர்க்க வேண்டும். வரவேற்பு மடலையும் அணைத்துவிடுங்கள்.

பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிட்டால் மட்டும் போதாது. பெறுநர், நகல் வரிகளில் புதிய குழுவின் முகவரி இல்லாத மடலை மெயில்மேன் மட்டுறுத்தலுக்கு, அதாவது நிர்வாகியின் ஒப்புதலுக்கு, பிடித்துவைக்கும். தனியுரிமை அமைப்பில், ஏற்கத்தக்க மாற்றுப்பெயராகப் பழைய முகவரியைச் சேர்த்தால்தான் விடும்.

காப்பகங்களைக் கலக்கவே வேண்டாம். எம்பாக்ஸ் கோப்புகளை (மடல்கள் வரிசையாகச் சேமிக்கப்பட்ட கோப்புகளை) ஒட்டி மறுபடி கட்டினால் மடல் எண்கள் மாறும்; வெளியே பரவிக் கிடக்கும் பழைய சுட்டிகள் சம்பந்தமில்லாத மடலில் போய் நிற்கும். பழையதை அப்படியே, படிக்க மட்டும் என வைத்துவிடலாம்.

லிஸ்ட்-ஐடி (மடலின் தலைப்பகுதியில் குழுவைக் காட்டும் அடையாளம்) மாறினால், அதை வைத்து மடல்களைப் பிரிக்கும் வாசகர்களின் வடிகட்டிகளும் வேலை செய்யாது. புதிய மதிப்பை முன்கூட்டியே இரு குழுவிலும் அறிவியுங்கள்.