லேபர் மார்க்கெட் ஃபிளெக்சிபிலிட்டி: நெகிழ்ச்சியா, நெகிழ்வா, தளர்வா?

அன்பர்களே,

2004 மே 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த எட்டு முன்னாள் கம்யூனிச நாடுகளைப் பற்றி எழுதப் புகுந்தால், ‘லேபர் மார்க்கெட் ஃபிளெக்சிபிலிட்டி’ (ஆள், கூலி, வேலைநேரம் ஆகியவற்றைத் தேவைக்கேற்ப எளிதில் மாற்ற முடிவது) என்ற சொல்லைத் தாண்டி ஒரு பத்திகூட நகராது. அதற்குத் தமிழ் தேடுகிறேன். ‘தொழிலாளர் சந்தை நெகிழ்ச்சி’ என்று பலர் எழுதுகிறார்கள். பொருளியல் பாடநூல்களில் ‘நெகிழ்ச்சி’ எலாஸ்டிசிட்டிக்குப் போய்ப் பல காலமாகிவிட்டது (தேவை நெகிழ்ச்சி). ‘கூலி நெகிழ்ச்சி’ என்றால் கூலி ஒரு விழுக்காடு ஏறும்போது ஆள் தேவை எவ்வளவு குறையும் என்ற கணக்கைத்தான் மாணவர் நினைப்பார். ‘நெகிழ்வுத்தன்மை’யின் வால் கூட்டுச்சொல்லுக்குப் பாரம்.

முன்மொழிவு: உழைப்புச் சந்தை நெகிழ்வு. எதிர்ச்சொல்: இறுக்கம்.

---

> எதிர்ச்சொல்: இறுக்கம்

இதில் சிக்கல் உண்டு. ஆள் கிடைக்காத சந்தையை ‘இறுகிய சந்தை’ என்கிறோம். பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் மூன்றும் அந்த எட்டு நாட்டு உழைப்பாளருக்கு 2004இலேயே கதவைத் திறந்தன. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் அவர்களைத் தடுத்து வைக்க அனுமதித்த ஏழாண்டுக் கெடுவை முழுக்கப் பயன்படுத்தி 2011 ஏப்ரல் இறுதிவரை அடைத்து வைத்தன. திறந்த கதவு வழியாகப் போலந்துக்காரர்கள் போனபோது போலந்தில் சந்தை இறுகியது. சட்டம் மாறவில்லை. ஆகவே ரிஜிடிட்டிக்கு (விதிகளால் எளிதில் மாற முடியாமை) ‘விறைப்பு’, டைட்னஸுக்கு (ஆள் தட்டுப்பாடு) ‘இறுக்கம்’. ஆள் இடம்பெயர்வது ‘நகர்வு’. அதை நெகிழ்வில் சேர்க்க வேண்டாம்.

‘உழைப்பு’ சரி. விலைக்கு வருவது உழைப்பு, தொழிலாளர் அல்லர். இலங்கை வழக்கில் ‘ஊழியச் சந்தை’, அடைப்புக்குறியில் தரலாம்.

---

‘நெகிழ்வு’ என்று மட்டும் விட்டால் யார் நெகிழ்கிறார் என்பது மறைந்துவிடும். ஆங்கிலச் சொல்லிலும் அதே மறைப்புதான். அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருவானேன்? எதில் நெகிழ்வு என்று காட்டும் முன்னடை கட்டாயம் என்பேன். நாடுகளை வைத்துச் சோதித்தேன்.

எண்ணிக்கை நெகிழ்வு (ஆளை எளிதில் கூட்டிக் குறைப்பது): எஸ்தோனியா. 2009 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த வேலை ஒப்பந்தச் சட்டப்படி ஆட்குறைப்பு முன்னறிவிப்பு, பணிக்காலத்தைப் பொறுத்து 15, 30, 60, 90 நாள். முதலாளி தருவது ஒரு மாதச் சம்பளம்; ஐந்து ஆண்டுக்கு மேல் ஒரு மாதமும் பத்துக்கு மேல் இரண்டு மாதமும் வேலையின்மைக் காப்பீட்டு நிதியம் தருகிறது.

கூலி நெகிழ்வு: லாட்வியா. 2008 நெருக்கடியில் லாட் நாணயத்தின் மதிப்பை இறக்கவில்லை. வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் யூரோவில் இருந்ததால் இறக்கினால் கடன்காரர்கள் மூழ்கியிருப்பார்கள். பதிலுக்குக் கூலியை இறக்கினார்கள் (இதற்கு ‘உள்மதிப்பிறக்கம்’ என்று வைக்கலாம்). அரசு ஊழியர் சம்பளம் ஆணை போட்டு வெட்டப்பட்டது. தனியாரில் வேறு வழி இருந்தது: பதிவேட்டில் குறைந்த கூலி, மிச்சம் உறையில் ரொக்கம். பதிவேடு அப்படியே இருக்க உறை மட்டும் மெலியலாம். வேலை போனபின் உதவித்தொகையும், பின்னாளில் ஓய்வூதியமும் பதிவேட்டுக் கூலியைப் பார்த்தே கணக்கிடப்படும் என்பதுதான் இதிலுள்ள கண்ணி.

நேர நெகிழ்வு: ஹங்கேரி. 2018 டிசம்பர்த் திருத்தம் ஆண்டு மிகைநேர வரம்பை 250இலிருந்து 400 மணியாக்கியது. வேலைநேரத்தைக் கூட்டிக் கழித்துக் கணக்கு முடிக்கும் காலத்தை மூன்றாண்டுவரை நீட்ட இடம் தந்தது. எதிர்த்தவர்கள் வைத்த பெயர் ‘அடிமைச் சட்டம்’.

போலந்து எதிலும் அடங்கவில்லை. நிரந்தரப் பணியாளருக்கு மூன்றாண்டுக்குப் பின் மூன்று மாத முன்னறிவிப்பு; காலவரை ஒப்பந்தக்காரருக்கு 2016வரை பெரும்பாலும் இரண்டே வாரம். உரிமையியல் சட்ட ஒப்பந்தத்தில் (வேலை ஒப்பந்தமாகக் கருதப்படாத பணி உடன்பாடு) தொழிலாளர் சட்டமே பொருந்தாது. அங்கே அதைக் ‘குப்பை ஒப்பந்தம்’ என்றே பேசுகிறார்கள். நடுவில் விறைப்பு, ஓரத்தில் நெகிழ்வு. ‘விளிம்பு நெகிழ்வு’ என்றொரு சொல் வேண்டும். 2016 பிப்ரவரியில் காலவரை ஒப்பந்தத்துக்கு 33 மாதம், மூன்று முறை என்று வரம்பு கட்டி, முன்னறிவிப்பையும் சமப்படுத்தினார்கள். உரிமையியல் ஒப்பந்தம் என்ற பின்வாசல் திறந்தே இருந்தது.

‘தளர்வு’ வேண்டாம். அது சட்டத்தைத் தளர்த்துவதை மட்டும் குறிக்கும்; லாட்விய உறைக்கு எந்தச் சட்டமும் தளரவில்லை.

---

முன்னடை ஏற்பு. அப்படியே ஃபிளெக்சிக்யூரிட்டிக்கும் (ஆட்குறைப்பை எளிதாக்கி, வேலை இழந்தவருக்கு நல்ல உதவியும் தரும் ஏற்பாடு): ‘நெகிழ்காப்பு’?

---

> ‘நெகிழ்காப்பு’?

வினைத்தொகையாகப் பிரித்துப் பாருங்கள்: நெகிழ்கிற காப்பு. காப்பு என்றால் கைவளையும்தான். சங்கப் பாட்டுத் தலைவியின் கையிலிருந்து வளை நெகிழ்ந்து கழல்வதுபோல் இருக்கிறது. ‘காப்புடை நெகிழ்வு’ என்போம். நெகிழ்வு தலைச்சொல், காப்பு அடை.

ஆனால் ‘நெகிழ்காப்பு’வைத் தூக்கி எறிய வேண்டாம். எஸ்தோனியாவில் 2009 சட்டத்தோடு வேலையின்மை உதவியையும் உயர்த்துவதாகச் சொன்னார்கள். ஆட்குறைப்பு விதிகள் குறித்த நாளில் வந்தன. உயர்வு முதலில் தள்ளிப்போய், பிறகு கைவிடப்பட்டது. அதற்கு இந்தச் சொல் அச்சாகப் பொருந்தும்.