நாய் முற்றமெல்லாம் குழி பறித்து மண்ணிலேயே படுக்கிறது, என்ன செய்யலாம்?

கோவில்பட்டி மருமகள்:
வணக்கம். எங்கள் வீட்டில் சிப்பிப்பாறை வளர்க்கிறோம். பெட்டை, மூன்று வயது, பெயர் பொன்னி. இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. சித்திரை பிறந்ததிலிருந்து முற்றத்தைக் கிளறிப் போட்டுவிட்டாள். துவைக்கிற கல் பக்கத்தில் ஒன்று, வேப்பமரத்தடியில் ஒன்று, மல்லிகைப் பந்தல் ஓரத்தில் ஒன்று என மூன்று குழி. குளிப்பாட்டித் துவட்டிவிட்டால் போதும், நேராகப் போய் மண்ணில் புரண்டுவிட்டுத்தான் மறுவேலை. திண்ணையில் சாக்கு விரித்து வைத்திருக்கிறோம், அதைச் சீண்டுவதே இல்லை. "வாசல்ல நாய் குழி பறிச்சா வீட்டுக்கு ஆகாது, தோட்டத்துல கொண்டுபோய் விடுங்க" என்று அத்தை தினமும் சொல்கிறார்கள். கட்டிப் போட்டால் ராத்திரி முழுக்க ஊளை. அதற்கும் ஒரு சகுனம் வைத்திருக்கிறார்கள்! சாப்பாடு வழக்கம்போல்தான் சாப்பிடுகிறாள். இது நோயா, பழக்கமா? எப்படி நிறுத்துவது?

சாத்தூர்க்காரன்:
தங்கச்சி, வெயில்ம்மா, வேற ஒண்ணுமில்ல. எங்க அய்யா காலத்துல இருந்து இந்தச் சாதி நாய்தான் வீட்ல. மத்தியானம் பூரா குழியில கெடக்கும், பொழுது சாஞ்சதும் எந்திரிச்சு ஒரு உதறு உதறிட்டு ஓடும். சிப்பிப்பாறைக்கு உடம்புல சதையும் கெடையாது, முடியும் கெடையாது. சிமென்ட் தரையில படுத்துப் படுத்து முழங்கை காய்ச்சுப்போய் புண்ணாகிரும். மண்ணுன்னா மெத்துன்னு இருக்கும்ல? அத்தைகிட்ட சொல்லுங்க, ஆகாததுன்னா எங்க ஊர்ல ஒரு வீடும் வெளங்கியிருக்காது.

பைக் மணி:
ரொம்ப யோசிக்காதீங்க அக்கா. குழியை மூடிட்டு மேலே மிளகாய்ப்பொடி தூவுங்க, இல்லைன்னா பினாயில் ஊத்துங்க. ஒரே நாள்ல நின்னுடும். பக்கத்து வீட்டுல அப்படித்தான் செஞ்சாங்க.

கால்நடை மருத்துவர் (ஓய்வு):
பினாயில் ஊற்றவே ஊற்றாதீர்கள். நாய் அந்த மண்ணில் படுக்கும், பிறகு காலையும் வயிற்றையும் நக்கும். வாயும் தொண்டையும் வெந்துபோகும். பாச்சை உருண்டையும் வேண்டாம், அது நேரடி விஷம். மிளகாய்ப்பொடி கண்ணிலும் மூக்கிலும் ஏறினால் வேதனைதான் மிச்சம். அடுத்த குழியை இரண்டடி தள்ளிப் பறிக்கும், அவ்வளவே.

சாத்தூர்க்காரர் சொன்னது பெரும்பாலும் சரி. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளங்கால் மெத்தைகளில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும், அது உடம்பைக் குளிர்விக்கப் போதாது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதுதான் அதன் முக்கியமான வழி. இன்னொரு வழி, குளிர்ந்த இடத்தில் வயிற்றை அழுத்திப் படுப்பது. அடிவயிற்றிலும் தொடை இடுக்கிலும் முடி குறைவு. மேல்மண் கொதித்தாலும் அரையடி கீழே அந்தச் சூடு எட்டியிருக்காது, ஈரமும் இருக்கும். அதனால் மேல்மண்ணைத் தள்ளிவிட்டு உடம்புச் சூட்டை அடிமண்ணுக்குக் கொடுக்கிறது. துவைக்கிற கல் பக்கம் தண்ணீர் ஓடும் இடம் என்பதால் அங்கே இரட்டிப்புச் சுகம்.

ஆனால் மூன்று குழியும் ஒரே காரணத்துக்குத்தானா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. கொஞ்சம் கவனித்து எழுதுங்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு ஆழம்? எந்த நேரத்தில் பறிக்கிறாள்? பறித்த பிறகு அதில் படுக்கிறாளா, விட்டுவிட்டுப் போய்விடுகிறாளா? கடைசியாக எப்போது ஹீட்டுக்கு, அதாவது இணை சேரும் பருவத்துக்கு, வந்தாள்? காது மடிப்பிலும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா?

கோவில்பட்டி மருமகள்:
நன்றி டாக்டர், நன்றி அண்ணா. கவனித்துப் பார்த்தேன். கல் பக்கத்துக் குழியும் வேப்பமரக் குழியும் ஒரு சாண் ஆழம்கூட இல்லை, அகலமாக அவள் உடம்பு அளவுக்கு இருக்கின்றன. பத்து மணி வெயில் ஏறியதும் போய்ப் படுத்துவிடுகிறாள். நிழல் நகர நகர இடம் மாற்றுகிறாள்.

மல்லிகைப் பந்தல் குழிதான் வேறு மாதிரி. குறுகலாக, முழங்கை வரை கை போகிறது. விடியற்காலையில் பறிக்கிறாள். அதில் படுத்து ஒரு நாளும் பார்த்ததில்லை. மூக்கை உள்ளே விட்டுப் புஸ் புஸ் என்று முகர்ந்துகொண்டு, மறுபடி பறிக்கிறாள். ஹீட் முடிந்து நான்கு மாதத்துக்கு மேல் ஆகிறது. காதுக்குள் ஓரிரு உண்ணி இருந்தது. அத்தை மண்ணெண்ணெய் தடவலாம் என்றார்கள், நான் இன்னும் தடவவில்லை.

கால்நடை மருத்துவர் (ஓய்வு):
மண்ணெண்ணெய் தடவாதது நல்லது. தோலைப் பொசுக்கும், நக்கினால் நுரையீரல் வரை பாதிக்கும். உண்ணியைக் கையால் நசுக்கவும் வேண்டாம். சின்னக் கிடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள். வயிறு முட்டக் குடித்த பெட்டை உண்ணி கீழே விழுந்து சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நாயை மட்டும் பார்த்தால் போதாது, அது படுக்கும் இடத்துச் சுவர் இடுக்கையும் பாருங்கள். உண்ணிக்கான மாத்திரை, கழுத்தில் விடும் சொட்டு மருந்து எல்லாம் எடைக்கு ஏற்ற அளவு என்பதால் உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவமனையில் கேட்டே வாங்குங்கள். தோல் அரித்தாலும் நாய் மண்ணில் புரளும். அடிக்கடி சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினால் தோலின் எண்ணெய்ப்பசை போய் அரிப்பு கூடத்தான் செய்யும். போதாததற்கு அந்தச் சோப்பு வாசனை நமக்கு மணம், அதற்கு அந்நிய வாடை. குளித்த கையோடு புரள்வது அதனால்.

முதல் இரண்டு குழியும் படுக்கை. சந்தேகமே வேண்டாம். மூன்றாவது குழியில் உள்ளே ஏதோ இருக்கிறது. எலிவளையா? பெருச்சாளி என்றால் பக்கத்தில் புதுமண் குவிந்து கிடக்கும்.

மாடித்தோட்டம் சேலம்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். மல்லிகைக்கு என்ன உரம் போடுகிறீர்கள் சகோதரி? நான் செடிக்கு மீன் அமிலம் ஊற்றிய மறுநாள் தெருநாய் இரண்டு வந்து பாத்தியையே புரட்டிவிட்டன. மீன் கழிவும் வெல்லமும் ஊறிய வாசனை, விடுமா? எலும்புத்தூள், கடலைப் புண்ணாக்கு போட்டாலும் அதே கதைதான்.

கோவில்பட்டி மருமகள்:
பெருச்சாளி மண் எதுவும் இல்லை. உரம் மாமாதான் வைப்பார்கள், கேட்டேன். சித்திரை முதல் வாரம் மல்லிகைத் தூரில் குழி எடுத்துப் புண்ணாக்கு போட்டு மூடினார்களாம். சாக்கைப் பார்த்தேன். "கலப்புப் புண்ணாக்கு" என்று போட்டு வேம்பு, கடலை, ஆமணக்கு, புங்கன் என்று எழுதியிருக்கிறது.

கால்நடை மருத்துவர் (ஓய்வு):
ஆமணக்கு இருக்கிறதா? அப்படியானால் இதைப் படித்ததும் முதலில் அந்தக் குழியை மூடுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

ஆமணக்கு விதையில் ரிசின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. எண்ணெயில் அது இறங்காது, பிழிந்த சக்கையிலேயே தங்கிவிடும். தொழிற்சாலையில் சரியாகச் சூடுபடுத்தினால் அழியும். உரமாக விற்கிற சாக்கில் அப்படிச் செய்திருக்கிறார்களா என்று நாம் கண்டுபிடிக்க வழியில்லை. வேப்பம்புண்ணாக்கு மட்டும் என்றால் கசப்புக்கு நாய் வாய் வைக்காது. கூடவே கடலை சேர்ந்தால் ருசி வந்துவிடுகிறது, அதுதான் ஆபத்து. தின்றால் சில மணி நேரத்திலோ மறுநாளோ வாந்தி, ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, தலை தூக்க முடியாத சோர்வு எல்லாம் வரும். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. சீக்கிரம் கொண்டுபோனால் குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்ற முயலலாம். "காலையில் பார்க்கலாம்" என்று உட்கார்ந்துவிடக் கூடாது. போகும்போது சாக்கின் பெயர்ச்சீட்டையும் கையில் எடுத்துப் போங்கள்.

இவ்வளவு நாள் பறித்தும் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்பதால் தின்னவில்லை என்றே தோன்றுகிறது. புண்ணாக்கு கலந்த மண்ணை அள்ளி எடுத்துவிடுங்கள். தூரைச் சுற்றிக் கோழிவலையைப் படுக்கையாக விரித்து, ஓரத்தில் கல் வைத்து, மேலே இரண்டு விரற்கடை மண் போடுங்கள். நகத்தில் கம்பி பட்டால் நாய் தானாக விலகும். மிச்சச் சாக்கு அதற்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பொமரேனியன் வீடு:
டாக்டர், எங்கள் நாய்க்குட்டிக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் வீட்டுக்குள்ளே. கட்டிலுக்கு அடியில் பாயைப் பறாண்டுகிறது, பழைய துணியை இழுத்துச் சேர்க்கிறது. ஒரு ரப்பர் பொம்மையை வாயில் கவ்விக்கொண்டே திரிகிறது, தொட்டால் உறுமுகிறது. ஹீட் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். ஆண் நாயோடு சேரவில்லை.

கால்நடை மருத்துவர் (ஓய்வு):
பொய்ச்சினை. ஹீட் முடிந்து ஆறிலிருந்து ஒன்பது வாரத்துக்குள் சில பெட்டைகளுக்கு வரும். வயிற்றில் குட்டி இல்லாமலே, ஈனப்போகும் நாய்க்கான சுரப்பெல்லாம் நடக்கும். குட்டிக்கு இடம் பண்ணுகிற வேலைதான் அந்தப் பறாண்டல். மடி வீங்கிப் பால்கூட வரலாம். அதைப் பீய்ச்சிவிட்டால் இன்னும் சுரக்கும், கை வைக்காதீர்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். மடி சூடாகிக் கல்லாகிவிட்டால், அல்லது சாப்பாட்டை நிறுத்திவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். கருப்பை எடுப்பதாக இருந்தால் இது முழுக்க அடங்கிய பிறகு.

சாத்தூர்க்காரன்:
உரச் சமாச்சாரம் நமக்குத் தெரியாம போச்சே டாக்டர்! தங்கச்சி, பொன்னிக்கு ஒரு குழி நீங்களே போட்டுக் குடுத்துருங்க. கரிசல் வெடிச்சுக் கெடக்கும், அத அவ தோண்டித் தோண்டி நகந்தான் பிய்யும். வேப்பமரத்துக்குக் கெழக்க, மத்தியானம் நெழல் விழுகிற பக்கமாப் பாத்து மூணடிக்கு ரெண்டரை அடி, ஒரு அடி ஆழம் எடுங்க. ஆத்து மணல் ரொப்புங்க. சுத்திச் செங்கலைப் புதைச்சிட்டா மண்ணு செதறாது. காலையில ஒரு கொடம் தண்ணி தெளிங்க. தெளிக்கணும், தேக்கக் கூடாது. மொத நாள் அதுல கறி எலும்பு ஒண்ணப் புதைச்சு வச்சா அவளே கண்டுபிடிச்சுப் பழகிக்கிருவா.

கால்நடை மருத்துவர் (ஓய்வு):
எல்லாம் சரி, வேகவைத்த எலும்பு மட்டும் வேண்டாம். சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். பிஸ்கட்டோ கருவாட்டுத் துண்டோ புதைத்தால் போதும். பழைய இடத்தில் பறிக்கும்போது திட்டாமல் கூப்பிட்டு இங்கே கொண்டுவந்து விடுங்கள். இது முயல் துரத்த வளர்த்த இனம், ஓட வேண்டிய கால். வெயிலுக்கு முன்னே காலையிலும், தார்ச்சாலை ஆறிய பிறகு மாலையிலும் நன்றாக ஓடவிட்டால் சும்மா இருக்கும் எரிச்சலில் பறிப்பது குறையும். சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள், சுட்டால் அதன் காலுக்கும் சுடும்.

ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. குழியில் படுத்தும் இரைப்பு அடங்காமல், எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச்சிவப்பாகித் தள்ளாடினால் அது வெப்ப அதிர்ச்சி. உடனே குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, மின்விசிறி போட்டு, பிறகு மருத்துவமனைக்குத் தூக்குங்கள். ஈரத் துணியால் மூடி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும்.

கோவில்பட்டி மருமகள்:
மல்லிகைத் தூர் மண்ணை அள்ளி வலை போட்டாயிற்று. வேப்பமரத்தடியில் மணல் குழியும் போட்டாயிற்று. கருவாடு வேலை செய்தது அண்ணா! துவைக்கிற கல் பக்கம் இன்னும் போய்ப் பார்க்கிறாள், ஆனால் மத்தியானத் தூக்கம் மணலில்தான். கடைசியாக ஒன்று. என் பையனுக்கு நான்கு வயது, மணலைக் கண்டால் போய் உட்கார்ந்துவிடுகிறான். பயப்பட வேண்டுமா? ஐப்பசி மழையில் அந்தக் குழியை என்ன செய்வது?

கால்நடை மருத்துவர் (ஓய்வு):
பையனை அதில் விளையாட விடாதீர்கள். நாயின் குடலில் இருக்கும் கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழுந்து பொரிக்கும். அந்த இளம்புழு வெறுங்காலிலும் உட்காரும் இடத்திலும் தோலுக்குள் புகுந்து, கோடு கோடாக ஊர்ந்து தாங்காத அரிப்பைக் கொடுக்கும். ஈர மணலும் நிழலும் அதற்கு மிகவும் தோதானவை. பொன்னிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை குடற்புழு மருந்து கொடுங்கள், மலத்தை அன்றன்றே அள்ளுங்கள். பையனுக்குத் தனி மணல் வேண்டும் என்றால் மூடி போட்ட தொட்டியில் வையுங்கள். ராத்திரியில் மூடாவிட்டால் தெருப் பூனை வந்து அதைக் கக்கூஸாக்கிவிடும்.

மழை தொடங்கியதும் குழியை மேடாக்கிவிடுங்கள். தண்ணீர் தேங்கினால் எலி மூத்திரம் கலந்து எலிக்காய்ச்சல் வரும், அது நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும். வருடாந்திரக் கூட்டுத் தடுப்பூசியில் அதுவும் சேர்ந்திருக்கிறதா என்று போடும்போது கேளுங்கள், எல்லா ஊசியிலும் இருக்காது. ரேபிஸ் ஊசி அது தனி.