கொபெக்கி ட்ராக்க விட்டிருந்தா டூர் ஜெயிச்சிருப்பாங்களா?

மலைமுகடு:
2025 டூர் டி ஃபிரான்ஸ் ஃபாம் (பெண்கள் சைக்கிள் டூர்) முடிஞ்சதுலேர்ந்து மனசுல கிடந்து உறுத்துது, கொட்டிடறேன். பெல்ஜியம் வீராங்கனை லோட்டே கொபெக்கி 2023ல இதே டூர்ல முதல் நாளே கிளெர்மோன்-ஃபெரான்ல தனியா போய் ஜெயிச்சு, மொத்த நேரத்துல முன்னாடி இருக்கறவங்க போடற மஞ்சள் ஜெர்சிய வாங்கி, டூர்மலே மலை வர்ற வரைக்கும் யாருக்கும் குடுக்காம வச்சிருந்து, மொத்தத்துல ரெண்டாவது வந்தாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, அந்த டூர ஜெயிச்ச டீம்மேட் ஃபோல்லெரிங் வேற டீமுக்குப் போயாச்சு, எஸ்டி வொர்க்ஸ் டீம்ல இவங்க ஜிசிக்குன்னே (மொத்த நேரப் பட்டம்) உழைச்சு வந்தாங்க, மலை வந்ததும் ஆளக் காணோம். என்னைக் கேட்டா காரணம் ட்ராக், அதாவது வெலோட்ரோம்ங்கற வளையத் தடத்துல ஓட்டற ரேஸ்தான். பத்து வருஷமா ரோடு பாதி ட்ராக் பாதின்னு ஓட்டினா உடம்பு எதுக்குப் பழகும் சொல்லுங்க? ஸ்ப்ரிண்ட் போடற தசை மலை ஏறறப்போ வெறும் சுமை. திட்டறவங்க திட்டுங்க.

இருநூத்தம்பது மீட்டர்:
திட்டல அண்ணே, ஒரு கணக்கு மட்டும் பாருங்க. அந்த 2023 டூர் ஜூலை 30 முடிஞ்சுது. அடுத்து ஆகஸ்ட்ல கிளாஸ்கோல உலக சாம்பியன்ஷிப், அங்க ட்ராக்ல எலிமினேஷன் (கடைசி ஆள் ஒவ்வொருத்தரா வெளிய போற ரேஸ்) தங்கம், பாயிண்ட்ஸ் ரேஸ் (நடுநடுவுல புள்ளி எடுக்கற ரேஸ்) தங்கம், ஆகஸ்ட் 13 ரோடு ரேஸும் தங்கம். ரெண்டு வாரத்துக்குள்ள மூணு ரெயின்போ ஜெர்சி, அதான் உலக சாம்பியன் ஜெர்சி! அதாவது அவங்க டூர்ல நல்லா பண்ணின ஒரே வருஷம் ட்ராக்லயும் வெளுத்து வாங்கின வருஷம். ட்ராக் கெடுக்குதுன்னா அந்த வருஷம்ல கெட்டிருக்கணும்?

மலைமுகடு:
2023 டூர்ல பெரிய மலைன்னு இருந்தது டூர்மலே ஒண்ணுதான் தம்பி. மத்த நாளெல்லாம் இவங்க மாதிரி ஆளுக்குத் தோதான ரோடு, கடைசி நாள் பா ஊர்ல டைம் ட்ரயல், அதுல மூணாவது. மொத்தத்துல மூணாவது வந்த நீவியடோமாவும் இவங்களும் ஒரே நேரத்துல முடிச்சாங்க, செகண்டுக்குக் கீழ இருந்த வித்தியாசத்துலதான் ரெண்டாவது இடம். 2025ல மாதலேன், ஜூ ப்ளேன்னு கடைசி ரெண்டு நாளும் மலை. அங்கதான் சாயம் வெளுத்துச்சு.

கல்ரோடு:
நடுவுல ஒரு சந்தேகம், எலிமினேஷன்ல கடைசி ஆளுன்னு எத வச்சு முடிவு பண்றாங்க? முன்சக்கரமா பின்சக்கரமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

விஷயத்துக்கு வர்றேன். மலைமுகடு அண்ணே, கொபெக்கின்னா உங்களுக்கு டூர் மட்டும்தான் ஞாபகம் வருதா? ஃபிளாண்டர்ஸ் ஒருநாள் ரேஸ் 2022, 2023, 2025னு மூணு தடவை, பெண்கள்ல வேற யாரும் மூணு ஜெயிச்சதில்ல. இத்தாலி மண்ரோடு ரேஸ் ஸ்ட்ராடே பியாங்கே ரெண்டு. 2024ல கல் பாவின ரோட்ல ஓட்டற பாரிஸ்-ரூபே. ரோடு உலகப் பட்டம் ரெண்டு, அதுல ரெண்டாவது சூரிக் மழைலயும் குளிர்லயும் வந்தது. இதுக்கு மேல என்னங்க வேணும்? ரூபே ஃபினிஷ மறுபடி போட்டுப் பாருங்க. ஆறு பேரா ரேஸ் முடியற வெலோட்ரோமுக்குள்ள நுழையறாங்க, ஃபோஸ் இருக்காங்க, பால்சாமோ இருக்காங்க, அத்தனை பேரும் பழம் தின்னு கொட்டை போட்டவங்க, அங்க யார் சக்கரத்துல ஒட்டணும் எப்ப கிளம்பணும்னு தெரிஞ்சு வச்சிருந்தது இவங்கதான். ட்ராக் குடுத்தது அதுதான், அதுவும் 2021ல பாயிண்ட்ஸ் ரேஸ் உலகப் பட்டம் ஜெயிச்ச அதே வெலோட்ரோம்ல.

இருநூத்தம்பது மீட்டர்:
அதே வெலோட்ரோம் இல்ல ப்ரோ. 2021 உலக சாம்பியன்ஷிப் ரூபேலதான் நடந்துது, ஆனா கூரை போட்ட ஸ்டாப்லின்ஸ்கி வெலோட்ரோம்ல, 250 மீட்டர் மரத்தடம். பாரிஸ்-ரூபே முடியறது பக்கத்துல இருக்கற பழைய திறந்தவெளித் தடம், சிமெண்டு, 500 மீட்டர், உள்ள வந்து ஒன்றரை சுத்து. இத நான் குறை சொல்றதுக்காகச் சொல்லல, உங்க வாதத்துக்கு இன்னும் பலம்தான். பக்கத்துப் பக்கத்துக் கட்டடம், ரெண்டரை வருஷ இடைவெளி, ரெண்டுலயும் ஒரே ஆள்.

மலைமுகடு:
அப்ப பால்சாமோவும்தான் ட்ராக்ல வளர்ந்தவங்க, ஃபோஸ் 2008 பீஜிங்ல பாயிண்ட்ஸ் ரேஸ் ஒலிம்பிக் தங்கமே வாங்கினவங்க. எல்லாரும் ட்ராக் ஆளுங்கன்னா ட்ராக்கால ஜெயிச்சாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?

கல்ரோடு:
ஹாஹா இது நல்ல கேள்வி. பதில் யோசிச்சிட்டு வர்றேன்.

செயின்கழண்டது:
மூணு பேரும் ஒரு விஷயத்த மறந்துட்டுப் பேசறீங்க. கொபெக்கி பொறந்தது 1995 நவம்பர். ட்ராக்க விட்டுட்டு டூருக்குப் போயிருக்கணும்ங்கறீங்களே, எந்த டூருக்கு? இப்ப இருக்கற பெண்கள் டூர் ஆரம்பிச்சதே 2022ல, அப்ப அவங்களுக்கு 26 வயசு. பெண்களுக்கு பாரிஸ்-ரூபே வந்தது 2021ல. 2017ல ஜோலியன் டோராவோட ஹாங்காங்ல மேடிசன் (ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஓட்டற ட்ராக் ரேஸ்) உலகப் பட்டம் ஜெயிச்சாங்களே, அந்தக் காலத்துல பெண்கள் டீம்கள்ல குறைஞ்சபட்ச சம்பளம்னு ஒரு விதியே கிடையாது, 2020லதான் டாப் டீம்களுக்கு வருஷத்துக்கு 15,000 யூரோன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. 21 வயசுப் பொண்ணு முன்னாடி ஒரு பக்கம் ஒலிம்பிக்ல இருக்கற ட்ராக், இன்னொரு பக்கம் நாளைக்கு என்னன்னே தெரியாத ரோடு. ரெண்டுலயும் ஒவ்வொரு கால வச்சதுதான் புத்திசாலித்தனம். நமக்கு இன்னிக்கு உக்காந்துட்டு அது தப்பு இது தப்புன்னு சொல்றது சுலபமா இருக்கு.

மலைமுகடு:
செயின்கழண்டது, இது நியாயம், ஒத்துக்கறேன். சின்ன வயசுக்கு ஓகே. நான் கேக்கறது 2022க்கு அப்புறம். டூர் வந்தாச்சு, பணம் வந்தாச்சு, உலகத்துலயே பெரிய டீம். அப்பவும் ஒலிம்பிக் ஓம்னியம் ஓம்னியம்னு (நாலு ட்ராக் ரேஸ் சேர்ந்த போட்டி) ஏன் ஓடணும்? டோக்கியோல ரோடு ரேஸ்ல நாலாவது வந்துட்டு ட்ராக்ல விழுந்து எழுந்து வெறுங்கையோட திரும்பினாங்க. பாரிஸ்ல ரோடுல வெண்கலம், ஓம்னியத்துல மறுபடி நாலாவது. 2024 பிப்ரவரில ஜெபெல் ஹஃபீத் மலைய ஏறி யுஏஇ டூர ஜெயிச்சாங்க, ஜூலைல இத்தாலி டூரான ஜிரோல லோங்கோ போர்கினிகிட்ட வெறும் 21 செகண்ட்ல தோத்து ரெண்டாவது. மலை ஏறத் தெரியாத ஆளா இது? அந்த ஒரு வருஷம் முழுக்க மலைக்குன்னு குடுத்திருந்தா அந்த 21 செகண்ட் எங்க போயிருக்கும்னு யோசிங்க.

இருநூத்தம்பது மீட்டர்:
அண்ணே உங்க வாதத்த நீங்களே உடைக்கறீங்க. ஜிரோ முடிஞ்சது ஜூலை 14, பாரிஸ் ஓம்னியம் ஆகஸ்ட் 11. ஒரே நாள்ல ஸ்க்ராட்ச், டெம்போ, எலிமினேஷன், பாயிண்ட்ஸ்னு நாலு ரேஸ் ஓட்டப் போற ஆள், அதுக்குத் தயாராகற கோடைலதான் ஜிரோல 21 செகண்ட் வரைக்கும் வந்திருக்காங்க. 2025ல ஜிசிக்குன்னே உழைச்சாங்க, ஜிரோல பாதியில விலகினாங்க, டூர்ல மலைல போச்சு. கலந்து ஓட்டின வருஷமெல்லாம் ரெண்டாவது, ஒண்ணையே பிடிச்சுத் தொங்கின வருஷம் ஒண்ணுமில்ல. இதுக்கு என்ன பதில்?

மலைமுகடு:
பதில் பிரான்ஸ் வீராங்கனை ஃபெராண்ட்-ப்ரெவோ. 2024ல மவுண்டன் பைக்ல ஒலிம்பிக் தங்கம், அத விட்டுட்டு ரோடுக்கு வந்தாங்க, 2025ல ஏப்ரல்ல ரூபே, ஆகஸ்ட்ல டூர். முழுசா ஒண்ணுல இறங்கினா நடக்கும்னு கண் முன்னாடி இருக்கு.

செயின்கழண்டது:
ஃபெராண்ட்-ப்ரெவோ உடம்பு வாகு வேற, கொபெக்கி வேற. ஃபெராண்ட்-ப்ரெவோ அந்த டூருக்காக எடையக் குறைச்சத அவங்களே மறைக்காம சொன்னாங்க, அத ஒட்டி வீராங்கனைகளுக்குள்ளயே எவ்வளவு சண்டை நடந்துது. எல்லாரும் அப்படிக் குறைக்கணும்னா எனக்குப் பயமா இருக்கு, சைக்கிள் ஓட்டற என் பொண்ணு இப்பவே தட்டப் பாத்து யோசிக்கறா. கொபெக்கி அந்த வாகுல இருந்ததாலதான் 2022 ஃபிளாண்டர்ஸ்ல ஃபான் ஃப்ளூட்டன கடைசி நேரத்துல ஸ்ப்ரிண்ட்ல அடிச்சாங்க. அத இழைச்சுக் கரைச்சு டூர்ல ஆறாவதோ ஏழாவதோ வர்றதுக்கா? எனக்கு அந்த 2025 முயற்சிதான் தப்பாத் தெரியுது, ட்ராக் இல்ல. ஆனாலும் முயற்சி பண்ணிப் பாக்க அவங்களுக்கு உரிமை இருக்கு, ரெண்டாவது வந்தவங்களுக்கு முதல் இடம் கண்ல தெரியத்தான செய்யும்.

மலைமுகடு:
உங்க பொண்ணு விஷயம் சொன்னதும் எடை பத்திப் பேசறத நிறுத்திக்கறேன், அது நான் யோசிக்காத பக்கம். ட்ராக் மேல முழுப் பழியும் போட்டது கொஞ்சம் அதிகம்தான். ஆனா அந்த 21 செகண்ட் மட்டும் எனக்குத் தொண்டைல நிக்குது, அத யாரும் எடுக்க முடியாது.

கல்ரோடு:
யோசிச்சிட்டு வந்துட்டேன். அண்ணே, ரூபேல அத்தனை பேரும் ட்ராக் தெரிஞ்சவங்கன்னா, ட்ராக் தெரியாதவங்களுக்கு அந்த ஃபினிஷ்ல வாய்ப்பே குறைவுன்னுதான அர்த்தம்? ஸ்ப்ரிண்ட்ல முதல் மூணு கொபெக்கி, பால்சாமோ, ஜார்ஜி. இத்தோட விட்டுடறேன்.

என் சக்கரக் கேள்விக்கு இன்னும் யாருமே பதில் சொல்லல பாருங்க.

இருநூத்தம்பது மீட்டர்:
பின்சக்கரம் ப்ரோ. மத்த ரேஸ்ல முன்சக்கரம் கோட்டைத் தொட்டாப் போதும், எலிமினேஷன்ல மட்டும் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை யாரோட பின்சக்கரம் கடைசியா கோட்டைத் தாண்டுதோ அவங்க அவுட். அதனாலதான் உள்பக்கம் கீழ மாட்டிக்கிட்டா கூட்டத்துக்கு நடுவுல இருந்தாலும் சட்டுனு கடைசி ஆளாயிடுவாங்க. கொபெக்கி ஓட்டறப்போ கவனிங்க, வேகமே தெரியாது, வெளிப்பக்கமா சும்மா மிதந்துட்டு இருப்பாங்க, ஒவ்வொருத்தரா வெளிய போய்ட்டே இருப்பாங்க.