வாரத்தில் இரண்டு நாள்தான் தெருக்கூட்ட வருகிறார்கள், யாரைக் கேட்பது?

குளத்துமேடு:
டெல்டாப் பக்கம் ஒரு நகராட்சி. நான் குடியிருப்பது பழைய ஊராட்சிப் பகுதி, பிற்பாடு நகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். தெரு சுமார் 300 மீட்டர், 64 வீடு. செவ்வாயும் வெள்ளியும் ஒரு அம்மா வந்து கூட்டிவிட்டுப் போகிறார். கடைத்தெருவில் மட்டும் தினமும் கூட்டுகிறார்கள். நானும் வரி கட்டுகிறேன், குப்பைக்கென்று தனியாகவும் கட்டுகிறேன். தெருமுனை டிரான்ஸ்பார்மர் அடியில் எந்நேரமும் ஒரு குப்பைமேடு. காலையில் அள்ளினால் மறுநாள் காலைக்குள் பழையபடி ஏறிவிடுகிறது. முன்பு அங்கே ஒரு தொட்டி இருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். தொட்டியைத் திரும்ப வைக்கச் சொல்லி மனு கொடுக்கலாமா? தினமும் கூட்டியாக வேண்டும் என்று சட்டம் ஏதும் உண்டா?

சைக்கிள் கடை:
கேமரா வையுங்கள் என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். எங்கள் தெருவில் வசூல் செய்து வைத்தோம். இப்போது ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்து வீசுகிறார்கள். சாலைப் பாதுகாப்பு கூடியதுதான் மிச்சம்.

முன்னாள் எஸ்.ஐ.:
போலீஸ் எஸ்.ஐ. இல்லை, சானிட்டரி இன்ஸ்பெக்டர். எனக்குப் பெண் பார்த்தபோதே இதில் ஒரு குழப்பம் வந்தது, அது வேறு கதை.

முதலில் சட்டம். 2016இல் வந்து 2026 மார்ச் வரை நடப்பில் இருந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளில், தெருக்கூட்டும் குப்பையைத் தினமும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், அல்லது வாரம் இரண்டு முறை எடுக்கலாம் என்றுதான் இருந்தது. ஜன நெருக்கத்தையும் கடை கண்ணியையும் பார்த்து நகராட்சி முடிவு செய்துகொள்ளும். அதனால் "தினமும் கூட்டு" என்று மனு கொடுத்தவர்களுக்கு, "விதிப்படிதான் நடக்கிறது" என்று ஒரு வரியில் பதில் போய்விடும். நானே அப்படி எத்தனையோ பதில் எழுதியிருக்கிறேன்.

கூட்டுகிறவர்களுக்கு ஆளுக்கு இவ்வளவு தூரம் என்று பிரித்துக் கொடுப்பதை பீட் என்போம். மத்திய அரசின் 2000ஆம் ஆண்டுக் கையேட்டில் இதற்கு ஓர் அளவு உண்டு. நெருக்கமான இடத்தில் ஒருவருக்கு 250 முதல் 350 மீட்டர், நடுத்தர இடத்தில் 400 முதல் 600, வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் 650 முதல் 750. அந்தக் கணக்குப்படி பார்த்தால் உங்கள் தெரு ஒரு ஆளின் ஒருநாள் வேலையைத் தாண்டாது. ஆனால் என் டிவிஷன் மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், 42 பெயர் இருக்கும், காலை ஆறு மணிக்கு வந்து நிற்பது 35 பேர். அதில் இருவர் பேருந்து நிலையத்துக்கு, ஒருவர் ஆபீஸ் வாசலுக்கு. மந்திரி வருகிறார் என்றால் பாதிப் பேரை அள்ளிக்கொண்டு போய் அவர் வரும் சாலையின் இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடர் கோடு போட விட்டுவிடுவோம். அன்றைக்கு உங்கள் மாதிரித் தெருக்களுக்கு ஆளே கிடையாது. இதையெல்லாம் செய்தது நான்தான், வேறு யாரையோ குறை சொல்லவில்லை.

சரி, டிரான்ஸ்பார்மருக்கு வருகிறேன். எல்லா ஊரிலும் குப்பை அங்கேதான் விழுகிறது, ஏனென்றால் அது யார் வீட்டு வாசலும் இல்லை. எங்கள் ஊரிலும் ஒன்று இருந்தது. தொட்டி வைத்தோம். தொட்டிக்குள் கொஞ்சம், வெளியே கொஞ்சம், மீதியை நாய் இழுத்துப் போட்டது. தொட்டியை எடுத்தோம், சுவரில் சாமி படம் வரைந்தோம். பக்கத்துச் சுவருக்குப் போனது. கோலம் போட்டோம். கோலத்தைச் சுற்றி அழகாக வைத்துவிட்டுப் போனார்கள்.

பிறகு ஒரு நாள், கூட்டுகிறவர்களை வேலை வாங்கும் மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு காலை ஐந்து மணிக்கு எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். சண்டை போட இல்லை, சும்மா பார்க்க. ஐந்தே கால் முதல் ஆறரைக்குள் பதினேழு பை விழுந்தது. எல்லாம் மில் பஸ்ஸுக்குப் போகிற பெண்கள், காய்கறி மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு முதல் பஸ் பிடிக்கிற ஒரு வாத்தியார். வீடு வீடாகக் குப்பை வாங்கும் எங்கள் பேட்டரி வண்டி அந்தத் தெருவுக்குள் நுழைவது ஏழே முக்காலுக்கு. வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் போய் விசில் ஊதிவிட்டு, "இந்தத் தெருவில் குப்பை தருவதில்லை" என்று நோட்டில் எழுதிவைத்திருந்தோம்! வண்டியின் பாதையைத் தலைகீழாக மாற்றி, கடைசியாகப் போன தெருவுக்கு முதலில் விட்டேன். அதற்காக இரண்டு பேர் ஐந்தரைக்கே வேலைக்கு வர வேண்டியிருந்தது. அவர்களை ஒப்புக்கொள்ள வைக்க ஒரு மாதம் ஆனது, சீக்கிரமே வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன பிறகுதான் வந்தார்கள். மேடு ஒரே நாளில் போகவில்லை. ஆனால் பதினேழு நாலைந்தாகக் குறைந்தது.

அதனால் தொட்டி கேட்காதீர்கள். உங்கள் தெரு எந்த பீட்டில் வருகிறது, அந்த பீட்டுக்கு எத்தனை பேர், வண்டி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். காலை ஆறு மணிக்கு டிவிஷன் ஆபீஸுக்கு நேரில் போங்கள். கமிஷனருக்கு எழுதினாலும் கடிதம் சுற்றிச் சுற்றி அந்த மேஸ்திரியிடம்தான் வரும்.

ஒன்று விட்டுவிட்டேன். சாக்கடைத் தூரை வாரி ஓரத்தில் காயப் போட்டிருக்கிறார்களா? ஈரத்தோடு அள்ளினால் வண்டி முழுக்க ஒழுகும் என்று ஓரிரு நாள் விடுவது வழக்கம். மூன்றாம் நாள் அள்ளவில்லை என்றால் கட்டாயம் சத்தம் போடுங்கள். ஒரு மழை பெய்தால் அத்தனையும் திரும்பச் சாக்கடைக்குள்தான். அப்புறம், சருகைக் குவித்துக் கொளுத்தினாலும் சொல்லுங்கள். அந்த 2016 விதிகளிலேயே அது கூடாது என்று தெளிவாக இருந்தது. தெருவில் பந்தல் போட்டு 100 பேருக்கு மேல் கூடும் விசேஷம் என்றால் மூன்று வேலை நாள் முன்னதாக நகராட்சிக்குச் சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. என்னிடம் ஒருத்தர்கூட வந்து சொன்னதில்லை. மறுநாள் காலை எச்சில் இலைதான் சொல்லும்.

ஐந்தாம் வார்டு:
எங்கள் அம்மா 19 வருடம் தெருக்கூட்டினார். 2020இல் துப்புரவுப் பணியாளர் என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். அம்மாவுக்குச் சந்தோஷம்தான், சம்பளம் மட்டும் அதே சம்பளம்.

குளத்துமேட்டு அண்ணனுக்கு ஒரு விஷயம். உங்கள் தெருவில் அந்த அம்மா வருவதற்கு முன்னால் வாசல் தெளித்துவிடுகிறார்களா என்று பாருங்கள். ஈர மண் துடைப்பத்துக்கு வராது, அப்பிக்கொள்ளும். அம்மா எப்போதும் சொல்லும் குறை அதுதான். இன்னொன்று, அவர் கூட்டிவிட்டுத் தெரு திரும்பியதும் வீட்டுக்காரர்கள் தங்கள் வாசலைப் பெருக்கி நடுரோட்டில் தள்ளுவார்கள். மேஸ்திரி வண்டியில் வரும்போது பார்ப்பது அந்தக் குப்பையைத்தான்.

நகராட்சியில் கொடுக்கும் ஈர்க்குமாறு சீக்கிரம் தேய்ந்து கட்டையாகிவிடும். அம்மா தானே மூங்கில் வாங்கிக் கட்டி நீளமாக்கி வைத்திருந்தார், முதுகு வலிக்காமல் இருக்க. தண்ணீர் கேட்டால் சில வீட்டில் சொம்பு இருக்கும்போதே பழைய பாட்டிலைத் தேடுவார்கள். அதனால் அவர் எந்த வீட்டிலும் கேட்பதை நிறுத்திவிட்டார்.

சைக்கிள் கடை:
எஸ்.ஐ. சார், அந்த வாத்தியார் பிறகு என்ன ஆனார்?

முன்னாள் எஸ்.ஐ.:
என்னைப் பார்த்ததும் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். எங்கே போட்டாரோ!

குளத்துமேடு:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். சார் சொன்னபடி ஆறு மணிக்குப் போனேன். எங்கள் பீட்டுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் நாலு மாதமாகப் பேருந்து நிலையத்தில். அவரைத் திரும்பக் கேட்டிருக்கிறேன், "பார்க்கலாம்" என்கிறார்கள். வண்டி எங்கள் தெருவுக்கு வந்தது எட்டே காலுக்கு. வீடு வீடாகக் கேட்டதில் 22 வீட்டில் ஏழரைக்கு மேல் ஆளே இருப்பதில்லை. இப்போது ஆறே முக்காலுக்கு வருகிறது. டிரான்ஸ்பார்மர் அடி பாதிக்கு மேல் காலி.

கூட்டும் அம்மாவிடம் பேசினேன். வாசல் தெளிப்பது பற்றி ஐந்தாம் வார்டு சொன்னதையே சொன்னார். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் அவர் போன பிறகு தெளிக்கச் சொல்லியிருக்கிறோம். என் வீட்டிலேயே முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்தும் வாசல் தெளிக்காமல் இருப்பதா என்று என் மாமியார்.

ஆனால் புதிதாகக் குளக்கரைப் படித்துறையில் தினமும் மூன்று பை. வண்டி நேரம் மாற்றியும் ஏன்?

முன்னாள் எஸ்.ஐ.:
பையைப் பிரித்துப் பாருங்கள், கையுறை போட்டுக்கொண்டு. டீத்தூளும் முட்டை ஓடும் மொத்தமாக இருந்தால் ராத்திரிக் கடை. அவருக்குக் காலை வண்டியால் பிரயோஜனமில்லை, கடை கட்டும் நேரத்துக்கு ஒரு நடை கேட்க வேண்டும். குழந்தை டயப்பராக இருந்தால் பக்கத்துத் தெரு. பார்த்துவிட்டு எழுதுங்கள்.