பாத்திரத்தில் கரி, பாதியில் தளரும் தீ: புரொப்பேன் அடுப்பில் பீர் காய்ச்சுவது எப்படி?

கேள்வி:
வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்கிய நாளிலிருந்து சமையலறை அடுப்பையே பயன்படுத்தி வந்தேன். 25 லிட்டர் வோர்ட் (மால்ட் எனப்படும் முளைகட்டி உலர்த்திய தானியத்தை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாறு) கொதிநிலைக்கு வருவதற்கே ஒன்றரை மணி நேரம் ஆனதால், வெளியில் வைத்து எரிக்கும் புரொப்பேன் அடுப்பு ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். வேகத்தில் குறையில்லை. ஆனால், தழல் மஞ்சளாக எரிந்து, பாத்திரத்தின் அடியில் விரலால் வழித்தெடுக்கும் அளவுக்குக் கரி படிகிறது. கொதிக்கத் தொடங்கி அரை மணி நேரம் ஆனதும் சிலிண்டரின் கீழ்ப்பகுதியில் வெண்பனி படர்ந்து, தீயும் தளர்ந்துவிடுகிறது. மழை நாட்களில் கார் நிறுத்தும் கூடத்தின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே காய்ச்சலாமா என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில் 1:
கடைசியில் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன்: கூடவே கூடாது. கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே சேரக்கூடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கசியும் புரொப்பேனோ காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது என்பதால், மேலெழுந்து கலைந்து போகாமல் தரையோடு தங்கிவிடும். மழை பெய்தால் காய்ச்சுவதைத் தள்ளிப்போடுங்கள்.

தழல் மஞ்சளாக எரிவது காற்றுப் போதாமையின் அடையாளம். வாயு அடுப்புக் குழாய்க்குள் நுழையும் இடத்தில் துளையுள்ள சிறு தகடு ஒன்று இருக்கும். அதன் திருகைத் தளர்த்தி, தழல் நீலமாகும் வரை தகட்டைச் சிறிது சிறிதாகத் திறவுங்கள். அளவுக்கு மீறித் திறந்தால் தழல் அடுப்பை விட்டு எழும்பி, அணைந்தும் போகலாம். அப்படியும் மஞ்சள் மாறவில்லையென்றால், அடுப்பை அணைத்து ஆறவிட்டுக் குழாயின் உட்புறத்தைப் பாருங்கள். சில வாரங்கள் சும்மா கிடந்த என் அடுப்பின் குழாய்க்குள் பாட்டில் கழுவும் பிரஷ்ஷை விட்டு இழுத்தபோது, சிலந்திக்கூடு ஒன்று பஞ்சுருண்டைபோல வெளியே வந்தது.

பதில் 2:
வெண்பனியைப் பற்றி: புரொப்பேன் −42 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவம். அது ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சிலிண்டரின் சுவரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சுற்றியுள்ள காற்று அந்த வெப்பத்தை ஈடுசெய்வதற்குள் நீங்கள் மேலும் வாயுவை இழுத்தால், திரவம் குளிர்ந்து அழுத்தம் இறங்கிவிடும். திரவம் தொடும் சுவர்ப்பரப்பு குறைந்துவிடுவதால், பாதி காலியான சிலிண்டரில் இது இன்னும் விரைவாக நேரும். எக்காரணம் கொண்டும் சிலிண்டருக்குச் சூடு காட்டாதீர்கள்.

தீயைக் குறைப்பதுதான் வழி. 25 லிட்டரை 65 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவரச் செலவாகும் வெப்பத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்கு, அதிலிருந்து 3 லிட்டரை ஆவியாக்கச் செலவாகிறது. ஆகவே, கொதிநிலை வந்த பிறகும் முழுத் தீயில் வைத்திருப்பது வாயுவை வீணாக்குவதாகும். மேற்பரப்பு முழுவதும் சீராகப் புரண்டு கொண்டிருந்தால் போதும். மூடி மட்டும் போடாதீர்கள்; வேகவைத்த சோளத்தின் வாடையைத் தரும் டைமெத்தில் சல்பைடு ஆவியோடு வெளியேற வேண்டும்.

பதில் 3:
இந்த அடுப்புகளின் வேகத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கொதிப்பதற்குச் சற்று முன்பு புரதம் திரண்டு, பழுப்பு நுரை பாத்திரத்தின் விளிம்பை நோக்கி மளமளவென்று ஏறும். வெப்பமானி 96 டிகிரியைக் காட்டியதும் தீயைப் பாதியாக்கி, நுரை அடங்கும் வரை அங்கேயே நில்லுங்கள். கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களை முதன்முதலில் போடும்போதும் இப்படிப் பொங்கும். மால்ட் பாகு சேர்ப்பதாக இருந்தால், தீயை அணைத்துவிட்டுக் கரையும் வரை கிளறுங்கள். இல்லையெனில் அடிப்பிடித்து, அந்தத் தீய்ந்த சுவை பீர் முழுவதும் பரவும். ஒவ்வொரு முறையும் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே பற்றவையுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. தகட்டின் துளை ஏறத்தாழ முழுவதும் மூடியிருந்தது. கால் சுற்றுத் திறந்ததுமே தழல் நீலமாகிவிட்டது. தீயைக் குறைத்து வெறும் நீரை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்துப் பார்த்தேன். சிலிண்டரில் ஈரம் மட்டும் பூத்தது, பனி படரவில்லை. கூடத்தில் காய்ச்சும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன்.